டிவியில் பார்த்த பொருள்: போன் போட்டு வாங்குவதா, கடையில் வாங்குவதா, விட்டுவிடுவதா?

நள்ளிரவு தாண்டியும் விடியற்காலையிலும் தமிழ் சேனல்களில் ஓடும் அரைமணி நேர விளம்பரங்களைப் பார்த்துவிட்டு, "இது வாங்கலாமா?" என்று கேட்பவர் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் தூக்கம் வராத பெரியவர்கள். பிள்ளைகள் சொல்லும் பதில் "அதெல்லாம் ஏமாத்து வேலை" என்பதோடு முடிந்துவிடும். அப்படி ஒரே அடியாக அடித்துவிட முடியாது. இன்று பாதி வீடுகளில் இருக்கும் சுழலும் வாளி மாப்பை நம்மில் பலர் முதலில் பார்த்தது இப்படிப்பட்ட விளம்பரத்தில்தான்.

பொருள் வேறு, அதை விற்கும் வழி வேறு. அதே மாப்பும் அதே வெங்காயம் நறுக்கும் டப்பாவும் மூன்று வழியில் கிடைக்கும். திரையில் ஓடும் எண்ணுக்குப் போன் போட்டு வாங்கலாம், ஆன்லைன் கடையில் வாங்கலாம், பாத்திரக்கடையிலோ பொருட்காட்சி ஸ்டாலிலோ கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். வாங்காமல் விடுவது நான்காவது வழி. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் விளம்பரத்தில் வருவதில் பாதிக்கு அதுதான் சரி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு வேலைக்கான எளிய கருவி என்றால் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், கடையில் வாங்குங்கள். உடம்பு சரியாகும், அதிர்ஷ்டம் வரும் என்று விற்பதை எந்த வழியிலும் வாங்க வேண்டாம். போன் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்ற நிலைமை மிகச் சிலருக்குத்தான் வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

விலை எங்கே போகிறது

அரைமணி நேர ஒளிபரப்புக்குக் கட்டணம், அழைப்பை எடுக்கக் கால் சென்டர், கூரியர் செலவு, வாசல் வரை வந்து "வேண்டாம்" என்று திரும்பிப் போகும் பார்சல்களின் நஷ்டம். இத்தனையும் பொருளின் விலையிலிருந்துதான் வர வேண்டும். அடக்க விலையைப் போல நான்கைந்து மடங்கு விற்பனை விலை வைப்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. 'ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம்' கட்டுப்படியாவதும் அதனால்தான். இரண்டாவது டப்பாவின் அடக்கம் சொற்பம். அதற்கென்று தனியாகக் கேட்கும் டெலிவரி சார்ஜே பல நேரம் அந்த அடக்கத்தைத் தாண்டிவிடும்.

4,999 என்று போட்டுச் சிவப்புக் கோடு அடித்து, 1,499 என்று காட்டுவார்கள். அந்த 4,999-க்கு அந்தப் பொருளை யாராவது எங்காவது வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பிட வேண்டியது அடித்த விலையோடு இல்லை, பக்கத்துப் பாத்திரக்கடை விலையோடு. கயிறு இழுத்து நறுக்கும் டப்பா கடைவீதியில் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, டிவியில் இரண்டு சேர்த்து 999 என்பதில் என்ன சலுகை இருக்கிறது?

அப்புறம் அந்த ஓடும் கடிகாரம். "இன்னும் பத்து நிமிடம்தான், முப்பது பீஸ்தான் மீதி" என்று தொகுப்பாளர் பதறுவார். அடுத்த நாளும் அதே சட்டையில் அதே பதற்றத்தில் அதே முப்பது பீஸை விற்பார். இதற்கு ஒருமுறை கடிவாளம் விழுந்தது. 2022 பிப்ரவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், டிவி வழியாகப் பொருள் விற்கும் நாப்டால் நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. இரண்டு தங்க நகை செட், காந்த முழங்கால் பட்டை, அக்குபிரஷர் யோகா செருப்பு ஆகிய விளம்பரங்களை நிறுத்தச் சொன்னது. பதிவு செய்த நிகழ்ச்சி என்றால் அதைத் தெளிவாகப் போட வேண்டும், இன்று விட்டால் கிடைக்காது என்பதுபோல் இல்லாத தட்டுப்பாட்டை உண்டாக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. அவசரம் விற்பனை உத்திதான் என்று சந்தேகப்பட்டவர்களுக்கு அரசு ஆணையே கையில் இருக்கிறது.

இந்த நீள விளம்பரம் பெருகியது அமெரிக்காவில். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் விளம்பரம் என்று இருந்த வரம்பை அங்குள்ள ஒளிபரப்பு ஆணையம் 1984-இல் எடுத்துவிட்டது. ஆளில்லாத இரவு நேரத்தை மலிவாக வாங்கி, முழு அரைமணி நேரமும் ஒரே பொருளை விற்க வழி பிறந்தது. அதில் கொடிகட்டிப் பறந்த ரான் போபீல், சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் நின்று காய் நறுக்கிக் காட்டி விற்றுப் பழகியவர். ஆக, தொலைக்காட்சிக்கு வந்ததே சந்தைக்கடைப் பேச்சுதான். நம் ஊர்ப் பொருட்காட்சியில் மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கேரட்டைப் பூவாக்கிக் காட்டுபவரும் அதே வம்சம். அவர் நமக்கு எதிரில் நிற்கிறார், கேள்வி கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதுதான் வித்தியாசம். வாங்குபவருக்கு அது பெரிய வித்தியாசம்.

எது தேறும், எது தேறாது

சுழலும் மாப் தேறும். குனிந்து துணியைப் பிழிந்து துடைப்பவர்களின் முதுகுவலிக்கு அது உண்மையான மாற்று. கட்டிலுக்கு அடியில் போகும், கை அழுக்குத் தண்ணீரில் படாது. ஆனால் விளம்பரத்தில் எல்லா மாப்பும் ஒன்றுபோல் சுழலும். கெட்டுப்போவது மூன்று இடத்தில்: கைப்பிடியை அழுத்தினால் சுழல வைக்கும் உள் பொறி, துடைப்பத் தட்டு கைப்பிடியோடு சேரும் கழுத்து, தண்ணீர் வடியும் கூடை. பிளாஸ்டிக் கூடை சீக்கிரம் விரிசல் விடும், எவர்சில்வர் கூடை தாக்குப்பிடிக்கும். கடையில் கைப்பிடியை நாலைந்து முறை அழுத்திப் பார்த்தாலே பொறியின் லட்சணம் தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், மாற்று நூல்தட்டு அதே கடையில் தொங்குகிறதா என்பது. சில மாதங்களில் நூல் கறுத்துவிடும். அந்த அளவுத் தட்டு வெளியில் கிடைக்காவிட்டால் வாளி பால்கனியில் பூந்தொட்டியாகிவிடும். போனில் வாங்கினால் இதையெல்லாம் பார்க்க வழியில்லை.

நறுக்கும் கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் டிவியில் அதிகம் மயக்குவது அவைதான். விளம்பரத்தில் எப்போதும் தக்காளி, கேரட், பெரிய வெங்காயம். டப்பிங் குரல் "நம்பவே முடியலையே!" என்று வியக்கும். நம் சமையலறையில் நேரத்தைத் தின்பது எது? சின்ன வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது, முருங்கைக்காயின் நார் எடுப்பது, தேங்காய் துருவுவது. இதில் எதையும் அந்தக் கருவி தொடாது.

கயிறு இழுக்கும் டப்பாவில் பெரிய வெங்காயத்தை நாலாக வெட்டிப் பாதி அளவு போட்டுப் பத்து இழுப்பு இழுத்தால் ஆம்லெட்டுக்கு ஏற்ற பொடி கிடைக்கும். இன்னும் பத்து இழுப்பு இழுத்தால் தண்ணீர் விட்டுக் கூழாகிவிடும், வதக்கினால் சிவக்காமல் வேகும். பீன்ஸைப் போட்டால் ஒரு துண்டு தூளாகவும் ஒரு துண்டு விரல் நீளமாகவும் வரும். கீரை போட்டால் தண்டு கத்தியைச் சுற்றிக்கொள்ளும். கட்டம் கட்டமாக வெட்டும் வகை இன்னும் பாடு. பச்சை உருளைக்கிழங்கை அழுத்த இரண்டு கை பலம் வேண்டும். கட்டங்களில் மாட்டிய துணுக்குகளைப் பழைய டூத் பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். விளம்பரம் எப்போதும் நறுக்கியதோடு நின்றுவிடும், கழுவுவதைக் காட்டாது. இரண்டு பேர் உள்ள வீட்டில் ஒரு வெங்காயத்துக்காக நாலு பாகத்தைக் கழுவுவதற்குக் கத்தியும் பலகையும் மேல். தினமும் பத்துப் பேருக்குச் சமைப்பவர், விரல் மூட்டு வலியால் கத்தி பிடிக்க முடியாதவர், இவர்களுக்குக் கயிறு டப்பா நிஜமாகவே உதவும். இருநூறு ரூபாய் டப்பாவே போதும்.

நீண்டு சுருங்கும் தோட்டக் குழாயில் சிக்கல் பொருளில் இல்லை, நம் வீட்டுத் தண்ணீரில் இருக்கிறது. உள்ளே ரப்பர் குழாய், வெளியே துணி உறை. தண்ணீரின் அழுத்தத்தில் உள்குழாய் உப்பி நீள வேண்டும். விளம்பரம் எடுத்த அமெரிக்க வீடுகளில் நகராட்சிக் குழாயே சுமார் மூன்று முதல் ஐந்து பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் வரும். நம் வீடுகளில் மொட்டை மாடித் தொட்டிதான். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு. ஒற்றை மாடி வீட்டின் தொட்டி, தரையில் இருக்கும் குழாய்க்கு மேல் நாலைந்து மீட்டர்தான், அதாவது அரை பார் தேறினாலே அதிகம். அதில் அந்தக் குழாய் சோம்பலாகக் கொஞ்சம் அசையும், விளம்பரத்தில்போல மூன்று மடங்கு நீளாது. பிரஷர் பம்ப் இருந்தால் வேலை செய்யும். ஆனாலும் வெயிலில் கிடந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். சாதாரணப் பச்சைக் குழாயைத் தேவையான நீளத்துக்கு வெட்டி வாங்குவது உத்தமம்.

எண்ணெய் இல்லாமல் முட்டை வழுக்கிப் போகும் தவா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புதிதாக வாங்கிய எந்த நான்ஸ்டிக்கிலும் முட்டை வழுக்கும். ஆறு மாதம் தோசை வார்த்த பிறகு எப்படி என்பதுதான் சோதனை, அதை எந்த விளம்பரமும் காட்டுவதில்லை. குக்கர் வகையறா என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வீட்டு பிரஷர் குக்கருக்கு அது சட்டப்படி கட்டாயம். நகை செட் விஷயத்தில் 'கோல்டு' என்று பெயரில் இருந்தாலும் பெரும்பாலும் முலாம்தான். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் தங்க நகை ஒவ்வொன்றிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு (ஹெச்.யு.ஐ.டி.) பொறித்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் கவரிங் விலைதான் கொடுக்கலாம்.

உடம்புக்கும் அதிர்ஷ்டத்துக்கும்

வியர்வை பெல்ட்டைக் கட்டி ஒரு மணி நேரத்தில் இடுப்பளவு குறைந்ததை டேப் வைத்துக் காட்டுவார்கள். குறைந்தது தண்ணீர். ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும். மின்னதிர்வு கொடுத்து வயிற்றைத் தட்டையாக்கும் பெல்ட்களும் அப்படித்தான். அமெரிக்காவில் ஆப்ட்ரானிக், ஏபி எனர்ஜைசர், ஃபாஸ்ட் ஆப்ஸ் என்ற மூன்று பெல்ட்கள் மீது அங்குள்ள மத்திய வணிக ஆணையம் 2002-இலேயே வழக்குத் தொடுத்தது. உடற்பயிற்சி செய்யாமலே கொழுப்பு கரையும் என்ற பேச்சு பொய் என்பதுதான் குற்றச்சாட்டு. தசையைத் தூண்டும் கருவியைப் பிசியோதெரபிஸ்டுகள் பயன்படுத்துவது உண்மை, ஆனால் அது தொப்பையைக் கரைக்க அல்ல.

உயரம் வளர்க்கும் பவுடர் பதின்ம வயதுப் பிள்ளைகளைக் குறிவைப்பது. எலும்பு நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு மூடிவிட்டால் எந்தப் பவுடரும் உயரத்தைக் கூட்டாது. மூடாமல் இருந்தால் பவுடர் இல்லாமலே பிள்ளை வளரும். நம் நாட்டில் இதற்கு 1954-லிருந்தே சட்டம் உண்டு. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு, உடல் பருமன், வாதம் எல்லாம் இருக்கின்றன, ஆளின் உயரமும் இருக்கிறது. இவற்றைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதே குற்றம். ஆக இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால், சட்டத்தை மீறித்தான் அது ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். சர்க்கரைக்கான 'மூலிகைப் பொடி'யில் பண நஷ்டத்தைவிடப் பெரிய ஆபத்து வேறு. அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

கால் மசாஜருக்கு மட்டும் கொஞ்சம் சலுகை தரலாம். களைத்த காலுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான், மூட்டுத் தேய்மானம் சரியாகாது. வாங்குவதானால் கடையிலோ பொருட்காட்சியிலோ கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் சூடு கொடுக்கும் மசாஜர் பக்கமே போகக் கூடாது. சுட்டது தெரியாமல் புண்ணாகிவிடும்.

யந்திரம், கவசம், ராசிக்கல் மோதிரம். இவற்றில் ஒப்பிட ஒன்றுமில்லை. சாமி பெயரைச் சொல்லி அற்புத சக்தி இருப்பதாக யந்திரங்களை டிவியில் விற்பது சட்டவிரோதம் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அடிப்படை, மகாராஷ்டிரம் 2013-இல் கொண்டுவந்த சட்டம். தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லாததால் இங்கே காலையில் ரிமோட்டைத் தட்டினால் இன்னும் கண்ணில் படுகிறது. கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டியலில் போடலாமே, குறைந்தது எங்கே போகிறது என்றாவது தெரியும்.

எந்த வழியில் வாங்குவது

போன் வழியில் இருக்கும் நிஜமான வசதி, மறுமுனையில் ஒருவர் தமிழில் பேசுவது. ஆன்லைனில் வாங்கத் தெரியாதவர், கடைவீதி தொலைவில் உள்ள கிராமத்தில் இருப்பவர், கையில் பணமாகவே கொடுக்க விரும்புபவர், இவர்களுக்கு அது பெரிய விஷயம்தான். சரி, அவர்கள் வாங்கட்டும். ஆனால் பேசும்போது கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். "பிடிக்கலைன்னா திருப்பி அனுப்ப எத்தனை நாளுங்க?" என்று கேட்டால், "அதெல்லாம் பிரச்சினையே வராதுங்க சார், இப்போ புக் பண்ணிடட்டுமா?" என்று வரும். அது பதில் இல்லை. எத்தனை நாள், திருப்பும் கூரியர் செலவு யாருடையது, எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, பில்லில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும் என்ற நான்குக்கும் நேரான பதில் வராவிட்டால் வைத்துவிடலாம்.

'பொருள் வந்ததும் பணம்' என்பது பாதுகாப்பு மாதிரி தோன்றும். பிரித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றால் கூரியர்காரர் பொதுவாக ஒப்புக்கொள்ள மாட்டார், அவருக்கு அந்த அனுமதி இருக்காது. பணம் கொடுத்த பிறகுதான் பெட்டி திறக்கும். அதனால் பிரிப்பதைச் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள், பெட்டியின் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டையும் சேர்த்து.

ஒருமுறை ஆர்டர் கொடுத்தவரின் எண்ணுக்கு அப்புறம் வேறு அழைப்புகளும் வரத் தொடங்கும். "குலுக்கலில் உங்களுக்குக் கார் விழுந்திருக்கிறது, வரியை மட்டும் முன்கூட்டியே கட்டுங்கள்" என்பார்கள், சுரண்டிப் பார்க்கும் பரிசுக் கார்டு தபாலில்கூட வரும். ஒரு ரூபாயும் கட்டக் கூடாது. கட்டிவிட்டிருந்தால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும், அது சைபர் மோசடிக்கான எண்.

ஆன்லைன் கடையில் விலை குறைவு, திருப்பி அனுப்பும் விதி எழுத்தில் இருக்கும், விற்பவர் பெயரும் எந்த நாட்டில் செய்தது என்பதும் காட்டப்பட வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளை விட்டுவிட்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் மூன்று மாதம் கழித்து எழுதியதைப் படியுங்கள். கயிறு எப்போது அறுந்தது, மூடி எங்கே உடைந்தது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

கடையில் பத்து, இருபது ரூபாய் கூடுதலாக இருந்தாலும் எனக்குக் கடைதான் முதலிடம். கையில் எடுத்து ஆட்டிப் பார்க்கலாம், மறுநாள் போய் "அண்ணே, இது சுத்தவே மாட்டேங்குது" என்று நிற்கலாம். சென்னைத் தீவுத்திடலிலோ மதுரைத் தமுக்கத்திலோ பொருட்காட்சி நடக்கும்போது ஸ்டாலில் வாங்குவது இதற்கும் டிவிக்கும் நடுவில். செய்து காட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், வீட்டிலிருந்து நாலு பீன்ஸ் எடுத்துப்போய் "இதை நறுக்கிக் காட்டுங்க" என்றும் கேட்கலாம். ஆனால் பொருட்காட்சி முடிந்தால் ஸ்டாலும் போய்விடும், அதனால் உதிரிபாகம் தேவைப்படும் எதையும் அங்கே வாங்க வேண்டாம்.

வாங்கிவிட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு போடவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே வைத்திருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள், பல புகார்கள் அங்கேயே பேசித் தீர்ந்துவிடும். தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பில், அந்த வீடியோ, பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டு மூன்றும் கையில் இருந்தால் போதும்.